எனிமா கேனோடு வந்த கல்யாண வண்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஞ்சரால் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1985-இல் ஒரு பிற்பகல், அடி அண்ணாமலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது நான் ஏறியிருந்த வாடகை அம்பாசிடரின் பின்டயர் உட்கார்ந்துவிட்டது. ஓட்டி வந்தவர் சகாதேவன். ஜாக்கி வைத்து ஸ்டெப்னி மாட்டும் வேலையை அவர் பார்த்தார். பக்கத்தில் நின்று "முடிஞ்சிதா?" என்று கேட்கும் வேலையை நான் பார்த்தேன். திரும்பத் திரும்பக் கேட்டதில் அவருக்கு அலுத்துவிட்டது. கையில் ஸ்பேனரோடு நிமிர்ந்தார்.

"சார், இதெல்லாம் நிக்கறதா சார்? ஒரு கல்யாணப் பொண்ண வெச்சிக்கிட்டு நின்னேன் பாருங்க, அதுதான் சார் நிக்கறது."

மீதியை நட்டு முடுக்கிக்கொண்டே சொன்னார். டயர் வேலை முடிந்தது, கதை முடியவில்லை. நாங்கள் இருவரும் வண்டியில் ஏறாமல் ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டிருந்தோம்.

அவர் சொன்னதில் ஒரே ஒரு வாக்கியம் குறைகிறது. அது அவருக்கும் தெரியாது. அதை நான் எழுதி நிரப்பிவிடலாம் என்ற தைரியத்தில்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். (ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "ஆவணி வெயில் கீழ்பென்னாத்தூர் சாலையில் உருகி வழிந்து—"

அடித்துவிட்டேன். வெயிலை உருக்காமல் ஒரு கதையைத் தொடங்கக் கூடாதா?

அடுத்தது: "அந்தக் காருக்கு ஒரு மனசு இருந்தது." இதைச் சகாதேவனிடம் படித்துக் காட்டியிருந்தால், மனசு இருந்திருந்தா அது நின்னிருக்காது சார் என்றிருப்பார். இதுவும் வேண்டாம்.

மூன்றாவது தொடக்கத்தில் கஸ்தூரியின் மருதாணிக் கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் சகாதேவன் அந்தக் கையை அவ்வளவு நேரம் பார்த்திருக்க முடியாது. ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவர். ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

சகாதேவனுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். 1978. அடி அண்ணாமலையில் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அதை அண்ணன்கள் பார்த்துக்கொண்டார்கள். இவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் சோறு இறங்கும். திருவண்ணாமலை டாக்சி ஸ்டாண்டில் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரை ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி வேறொருவருடையது, ஆனால் காலையில் அதைத் துடைக்கிறவர் இவர்.

கல்யாணச் சவாரி என்றால் ஸ்டாண்டில் எல்லோருக்கும் ஆசை. உள்ளூர ஒரு பயமும் உண்டு. கல்யாணப் பெண்ணோடு வழியில் நின்ற வண்டிக்கு ‘ராசியில்லாத வண்டி’ என்று பேர் விழுந்துவிடும். பிறகு நல்ல காரியத்துக்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அப்படிப் பேர் வாங்கிய ஒரு வண்டி ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் மட்டுமே ஓடி ஓடி, கடைசியில் அதன் டிரைவர் ஊரை விட்டே போனதைச் சகாதேவன் பார்த்திருக்கிறார்.

அன்றைய சவாரி கீழ்பென்னாத்தூரிலிருந்து. மணப்பெண் கஸ்தூரி, அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அரசாங்க நர்சு. பெரிய கோயிலில் கல்யாணம். ராகுகாலம் தொடங்குவதற்குள் தாலி ஏற வேண்டும். உறவுக்காரர்கள் எல்லோரும் முன்னாலேயே பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். அண்ணன் ராஜேந்திரனும் அண்ணி சரசுவும் மட்டும் பெண்ணோடு காரில் வருவதாக ஏற்பாடு.

ஆனால் பெண் வீட்டில் இல்லை. விடியும்போதே பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆள் வந்து, பிரசவ வலி கண்டுவிட்டது என்று அழைத்துப் போயிருந்தார்கள். "கல்யாண நாளும் அதுவுமா போறியாடி?" என்று சரசு கேட்டதற்கு, "வலிக்குத் தெரியுமா அண்ணி, எனக்கு இன்னைக்குக் கல்யாணம்னு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.

காரை அந்த வீட்டுக்கே கொண்டுபோனார்கள். குழந்தை பிறந்திருந்தது. அங்கேயே கஸ்தூரி குளித்தாள். அங்கேயே சரசு பட்டுப்புடவை கட்டிவிட்டாள். அந்த வீட்டுப் பெண்கள் பூ வைத்துவிட்டார்கள். அவள் நகையோடும் மாலையோடும் வந்து காரில் ஏறினாள். கூடவே அவளுடைய பிரசவப் பையும் ஏறியது. அதை இறக்கி வைத்துவிட்டு வர யாருக்கும் நேரமில்லை.

கஸ்தூரிக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. இதற்கு முன் இரண்டு சம்பந்தம் பேசி முறிந்துபோயிருந்தன. கண்ட நேரத்தில் கண்ட வீட்டுக்குப் போகிற பெண் என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் காரணமே சொல்லவில்லை. இப்போது வாய்த்த மாப்பிள்ளை அருணகிரி, மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர்) மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். வேலையை விட வேண்டாம் என்று தானாகவே சொன்ன மனிதர். அவருடைய அம்மா மட்டும் அரை மனதோடு இருந்தார். "நேரத்துக்கு வந்து சேருமா அந்தப் பொண்ணு?" என்று நிச்சயதார்த்தத்தன்றே கேட்டவர்.

(இதையெல்லாம் வண்டிக்குள் சரசு புலம்பப் புலம்பச் சகாதேவன் தெரிந்துகொண்டார். டிரைவருக்குக் காது கிடையாது என்று நம்புகிறவர்கள் உலகத்தில் ரொம்ப ஜாஸ்தி.)

4

வண்டி பாதி வழியில் இருமியது. பிறகு ஒரு குலுக்கல். பிறகு சத்தமே இல்லை. உருண்டுபோய் ஒரு புளியமரத்தடியில் நின்றது.

சகாதேவன் பானட்டைத் தூக்கினார். பெட்ரோல் பம்ப் சூடாகியிருக்கும் என்று நினைத்தார். வெயில் காலத்தில் அம்பாசிடருக்கு அது சகஜம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் கொஞ்சத்தில் சரியாகிவிடும். எதிர்க் கொல்லையில் சில பெண்கள் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி கேட்காமலே ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். (அவள் பெயரைச் சகாதேவன் கேட்டுக்கொள்ளவில்லை. அது இத்தனை வருஷம் கழித்தும் அவருக்கு மனக்குறை. உண்ணாமலை என்று நான் வைக்கிறேன். பொருத்தமில்லை என்றால் நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.)

உண்ணாமலை காருக்குள் எட்டிப் பார்த்தாள். "ஐயே, நம்ம நர்சம்மா! கல்யாணமா? சொல்லவே இல்ல!"

"சொன்னா நீ வந்துடுவியா? இங்க யாரு மல்லாட்டை பிடுங்கறது?" என்றாள் கஸ்தூரி. அவள் முகத்தில் பதற்றம் இல்லாததைப் பார்த்துத்தான் தனக்கும் வேலை ஓடியது என்றார் சகாதேவன்.

ஈரத்துணி போட்டார். வண்டி கிளம்பியது. சரசு, "அண்ணாமலையாரே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூப்பிடு தூரம்கூடப் போயிருக்காது, மறுபடி நின்றுவிட்டது. இந்தத் தடவை பம்பைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்து தொங்கியது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, எஞ்சினும் நன்றாக இருக்கிறது. இதிலிருந்து அதற்குப் பெட்ரோலைக் கொண்டுபோகிற சாமான் செத்துவிட்டது.

5

இங்கே ராஜேந்திரனைப் பற்றி ஒரு சந்தேகம்.

என் முதல் பிரதியில் அவர் சகாதேவனின் சட்டையைப் பிடிக்கிறார். "வண்டியாய்யா இது? ஓட்டத் தெரியாதவனெல்லாம்—" என்று கத்துகிறார். எழுதும்போது விறுவிறுப்பாக இருந்தது. இந்த இடத்தில் ஒரு கோபக்காரன் இருந்தால் கதைக்கு வசதி. ஆனால் நிஜமாகவே அவர் கத்தினாரா என்று நான் சகாதேவனிடம் கேட்டிருந்தேன்.

"கத்தறதா? அந்தாளு மரத்துக்குப் பின்னால போயி அழுதாரு சார். ரெண்டு தபா நின்னுபோன பொண்ணு. மூணாவது தபாவும் நம்மால நின்னுபோச்சேன்னு."

ஆகவே சட்டையைப் பிடித்த பத்தியை எடுத்துவிட்டேன். ராஜேந்திரன் மரத்துக்குப் பின்னால் நிற்கிறார். துண்டால் முகத்தைத் துடைக்கிறார். தங்கைக்குத் தெரியக் கூடாது என்று மூக்கைச் சிந்தாமல் இருக்கிறார். இது எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இப்படித்தான் நடந்தது.

6

அப்போது ஒரு லாரி வந்தது. மல்லாட்டை மூட்டை லோடு. கல்யாணப் பெண் ரோட்டோரம் நிற்பதைப் பார்த்து டிரைவர் தானாகவே நிறுத்தினார்.

"ஏறச் சொல்லுங்க. டவுனுக்குத்தான் போறேன்" என்றார் லாரிக்காரர்.

ராஜேந்திரன் ஓடி வந்தார். "கஸ்தூரி, ஏறும்மா. நேரமாவுது."

சகாதேவனும் சொன்னார்: "போயிடுங்கம்மா. என்னைப் பத்திப் பாக்காதீங்க. முகூர்த்தம் தவறக் கூடாது."

கஸ்தூரி லாரியைப் பார்த்தாள். பிறகு சகாதேவனைப் பார்த்துக் கேட்டாள்: "நாங்க போயிட்டா உங்க வண்டியை என்னன்னு சொல்லுவாங்க?"

அவர் மறைக்கவில்லை. "ராசியில்லாத வண்டின்னுவாங்க. அது கிடக்குதும்மா."

"வண்டிக்கு என்ன கோளாறு? புரியற மாதிரி சொல்லுங்க."

சொன்னார். உயரத்தில் ஒரு டப்பாவில் பெட்ரோலை வைத்து, ஒரு குழாய் வழியாக நேரே கார்ப்பரேட்டருக்கு இறக்கினால் எஞ்சின் ஓடும். ஆனால் டப்பாவும் குழாயும் சேர்ந்தாற்போல் இந்தப் பொட்டல்வெளியில் எங்கே கிடைக்கும்?

கஸ்தூரி காரின் கதவைத் திறந்தாள். பின்சீட்டிலிருந்து பிரசவப் பையை எடுத்தாள். அதிலிருந்து, பிரசவத்துக்கு முன் குடலைச் சுத்தம் செய்கிற எனாமல் பூசிய வெள்ளை எனிமா கேனை வெளியே எடுத்தாள். கீழே நீளமான ரப்பர் குழாய், அதில் திறந்து மூடக் குமிழ் வேறு.

"இது ஆவுமா?"

சகாதேவன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரசு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கொதிக்க வெச்சிக் கழுவினதுதான் அண்ணி" என்றாள் கஸ்தூரி.

லாரிக்காரர் சிரித்த சிரிப்பில் கொல்லையில் இருந்த பெண்கள் எல்லோரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

(அவள் ஏன் லாரியில் ஏறவில்லை? ‘ராசியில்லாதவள்’ என்ற சொல் எப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஒரு காரின் மேல்கூட அது விழுவதை அவள் விரும்பவில்லை என்று எழுதியிருந்தேன். படிக்க நன்றாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து, பின்னொரு சவாரியில் சகாதேவனைக் கேட்டேன். "தெரியாது சார். பட்டுப் பொடவையோட மூட்டை மேல ஏற முடியாதுன்னும் இருக்கலாம்" என்றார். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு, "ஆனா அவுங்க கேட்டாங்க இல்ல, உங்க வண்டியை என்னன்னு சொல்லுவாங்கன்னு. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரு சவாரிகூட என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல" என்றார். இரண்டையும் இங்கே வைத்துவிடுகிறேன்.)

7

டேங்கிலிருந்து பெட்ரோலைச் சகாதேவன் அந்தக் குழாயாலேயே வாய் வைத்து உறிஞ்சி எடுத்தார். முதல் வாய் தொண்டைக்குள் போய்விட்டது. துப்பிக் கொப்பளிக்க உண்ணாமலை தண்ணீர் ஊற்றினாள். எடுத்த பெட்ரோலைப் பிடித்து வைக்க ஏனம் வேண்டுமே? சீராகக் கொண்டுபோகிற புதுப் பித்தளைக் குடம் டிக்கியில் இருந்தது.

"சீர்க் குடத்துலயா?" என்றாள் சரசு.

"குடம் அப்புறம் கழுவிக்கலாம். கல்யாணத்தைக் கழுவிக்க முடியாது" என்றார் ராஜேந்திரன். அன்று காலையிலிருந்து அவர் சொன்ன முதல் தெளிவான வார்த்தை அதுதான்.

குழாயின் நுனியைக் கார்ப்பரேட்டரில் செருகி, மாலையில் கட்டியிருந்த வாழைநாரை உருவி இறுகச் சுற்றினார் சகாதேவன். குழாய் நசுங்காமல் இருக்கப் பானட்டை முழுக்கச் சாத்தாமல் விட்டார். அதைக் கட்ட லாரிக்காரர் ஒரு துண்டுக் கயிறு கொடுத்துவிட்டு, ஆரன் அடித்துக்கொண்டே போனார். உண்ணாமலையும் மற்றவர்களும் வண்டியைத் தள்ளினார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. தள்ளியவர்களில் ஒருத்தி குலவை போட்டாள்.

முன்சீட்டில் ராஜேந்திரன். ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டிக் கேனை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். சிறிது தூரத்திலேயே அவர் கை இறங்கிவிட்டது; கை இறங்க இறங்க எஞ்சின் திணறியது.

"அண்ணே, எறங்கு. நான் பிடிக்கிறேன்" என்றாள் கஸ்தூரி.

"கல்யாணப் பொண்ணு முன்னால குந்திக்கினு—"

"ஸ்டாண்டு இல்லாத வீட்டுல குளுக்கோஸ் பாட்டில மணிக்கணக்கா கையில பிடிச்சிக்கினு நின்னிருக்கேன். இது எனக்குப் புதுசா?"

இடம் மாறினார்கள். அதன் பிறகு வண்டி ஒரு தடவைகூடத் திணறவில்லை. கேனில் குறையும்போதெல்லாம் சகாதேவன் ஓரங்கட்டுவார். ராஜேந்திரன் குடத்திலிருந்து ஊற்றுவார். மருதாணியும் வளையலுமாக அந்தக் கை வெளியே உயர்ந்து நிற்க, எதிரே வந்த பஸ்களெல்லாம் வேகத்தைக் குறைத்து வழி விட்டன.

டவுனுக்குள் நுழையும் இடத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது.

எஞ்சினை அணைக்க முடியாது. அணைத்தால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ. கேட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டுவண்டி, சைக்கிள், பால்காரர், பஸ். அத்தனை பேரும் மாலையோடு எனிமா கேனைத் தூக்கிப் பிடித்திருந்த மணப்பெண்ணைப் பார்த்தார்கள். பீடி பற்ற வைக்கப் போன ஒருவரைச் சகாதேவன் அதட்டினார். ஒரு கிழவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து, "இன்னாம்மா இது, புது மாதிரி சம்பிரதாயம்?" என்று கேட்டார்.

"ஆமாங்க. எங்க வீட்டுல இப்படித்தான்" என்றாள் கஸ்தூரி.

பின்சீட்டில் அதுவரை தலையைக் குனிந்தபடி இருந்த சரசு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். ராஜேந்திரனும் சிரித்தார். கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரைக்கும் நிறுத்தவே முடியவில்லை. பெட்ரோல் நாற்றம் மண்டைக்கு ஏறியதால்கூட இருக்கலாம் என்றார் சகாதேவன்.

8

கோயில் வாசலில் எப்படி முடிப்பது என்று என்னிடம் சில யோசனைகள் இருந்தன. ஒன்றில் முகூர்த்தம் தவறிவிடுகிறது. இன்னொன்றில் மாப்பிள்ளையின் அம்மா கேனைப் பார்த்துவிட்டு, "இந்த—"

வேண்டாம். நடந்ததையே சொல்கிறேன்.

ராஜகோபுரத்துக்கு எதிரே மாப்பிள்ளை வீட்டார் தெருவிலேயே நின்றிருந்தார்கள். முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். வண்டி நின்றதும் முதலில் வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. கேனைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். பெட்ரோல் சொட்டிய பட்டுப்புடவையைப் பார்த்தார். எஞ்சினை அணைக்கச் சகாதேவனுக்குத் தோன்றவில்லை.

"பிரசவத்துக்குப் போயிருந்தியாமே?" என்றார்.

"ஆமாங்க அத்தே."

"இன்னா கொழந்தை?"

"பொண்ணு."

"தாயி?"

"நல்லாயிருக்காங்க. எழுந்து காப்பி குடிச்சிட்டாங்க."

அந்த அம்மாள் தலையாட்டினார். பிறகு திரும்பி, தன் ஆட்களைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்: "இன்னா வேடிக்கை? மேளத்தை அடிக்கச் சொல்லுங்க!"

மேளம் ஆரம்பித்தது. கதவைத் திறக்க அருணகிரி வந்தார். கேன் இன்னும் அவள் கையிலேயே இருந்தது. மரத்துப்போன விரல்கள் மடங்கியே கிடந்தன. அருணகிரி குமிழை மூடினார். ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு, கேனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு குனிந்து அவள் காதருகே ஏதோ ஒன்று சொன்னார்.

அவள் சிரித்தாள். ரயில்வே கேட்டில் சிரித்ததைப் போல இல்லை, இது வேறு சிரிப்பு என்றார் சகாதேவன். தலையில் இருந்த பூவெல்லாம் ஆடியதாம்.

இரண்டடி தூரத்தில் இருந்த சகாதேவனுக்கு அது காதில் விழவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, மேளமும் சேர்ந்துகொண்டது.

9

வண்டிக்குப் பேர் விழத்தான் செய்தது. ஸ்டாண்டில் எல்லோரும் அதை ‘எனிமா வண்டி’ என்றார்கள். ஆனால் அடுத்த முகூர்த்த மாதத்திலேயே கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆள் வந்து, "நர்சம்மா வந்த வண்டிதான் வேணும்" என்று கேட்டார்களாம். புதுப் பம்ப் போட்ட பிறகுதான் ஓட்டுவேன் என்று சகாதேவன் முதலாளியிடம் கறாராகச் சொல்லிவிட்டார். கஸ்தூரி வேலையை விடவில்லை.

சில வருஷம் கழித்து அவளை ஒரு சவாரியில் ஏற்றியபோது சகாதேவன் கேட்டும் பார்த்தார். "அன்னிக்கு உங்க வீட்டுக்காரரு இன்னாம்மா சொன்னாரு?" அவள் மறுபடி சிரித்துவிட்டு, "அது எங்களுக்குள்ளண்ணே" என்றாளாம்.

நானும் எழுதிப் பார்த்தேன். "வந்துட்டியே, அது போதும்" என்று அருணகிரியைச் சொல்ல வைத்தேன். இதற்குப் பெண்கள் கண் கலங்கலாம், சிரிக்க மாட்டார்கள். "இனிமே இதை நான் தூக்கறேன்" — மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. எடை போடுகிறவர் ஆயிற்றே என்று, "கேனு எத்தினி கிலோ?" என்று கேட்க வைத்தேன். கொஞ்சம் தேவலை. ஆனாலும் பூவெல்லாம் ஆடுகிற சிரிப்புக்கு அது போதாது.

என்னால் ஆகவில்லை. உங்களுக்கு ஒருவேளை வரலாம். யாராவது உங்களிடம் அப்படி ஒன்றைச் சொல்லியிருக்கலாம், அல்லது நீங்கள் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். இடம் விட்டு வைக்கிறேன்.

அருணகிரி குனிந்து சொன்னார்: "                                        "

கஸ்தூரி சிரித்தாள். அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.